கீழே ஆள் இல்லாதவன் தலைமைப் பண்பை எப்படிக் காட்டுவது? எம்.பி.ஏ. விண்ணப்பம் பற்றி ஒரு விவாத இழை

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இதுவரை இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு சி.இ.டி.பி.யில் வேலை செய்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பல சாயப்பட்டறைகள் சேர்ந்து கழிவு நீரைச் சுத்திகரிக்க வைத்திருக்கும் பொது நிலையம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டு நீரையும் வெளியே விடக்கூடாது என்பதுதான் இங்கே விதி. ஷிப்ட் இன்ஜினியர் என்று பேர். ஆனால் எனக்குக் கீழே யாரும் கிடையாது. ஆபரேட்டர்கள் காண்ட்ராக்டர் ஆட்கள், லேப் தனி, மேனேஜருக்கு மேலே பட்டறை முதலாளிகளின் கமிட்டி.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுதிவிட்டேன், மதிப்பெண் மோசமில்லை. செப்டம்பரில் வரும் முதல் ரவுண்டில் இந்தியாவின் ஐ.எஸ்.பி., பிரான்ஸின் இன்சியாட், அமெரிக்காவின் ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஸ்லோன் என்று நான்கு மேலாண்மைப் பள்ளிகளுக்கும் போடலாம் என்று இருக்கிறேன். எங்கே போனாலும் இரண்டு விஷயம் கேட்கிறார்கள். உன்னிடம் தலைவனாகும் திறன் இருக்கிறதா, எங்கள் பள்ளிக்கு நீ பொருந்துவாயா. இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

என் கட்டுரையில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பல துறையினர் அடங்கிய குழுவுக்குத் தலைமையேற்று, அனைத்துத் தரப்பினரையும் ஒருங்கிணைத்து, நிலையத்தின் இயக்கச் செலவைக் கணிசமாகக் குறைத்தேன். தலைமைப் பண்பின் முக்கியத்துவத்தை இது எனக்கு உணர்த்தியது."

விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டன்ட் ஒருவரிடம் காட்டினேன். ஏதாவது தொண்டு அமைப்பில் சேர்ந்து ஆறு மாதத்துக்குள் செயலாளர் பதவி வாங்கிவிடு, அப்போதுதான் எடுபடும் என்கிறார். இங்கே அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பாஸ்டன்_பனி எழுதியது:

தம்பி, செயலாளர் பதவியை மறந்துவிடுங்கள். ஆறு மாதம் முன்னால் முளைத்த தொண்டு எது, ஆறு வருஷமாகச் செய்யும் தொண்டு எது என்று விண்ணப்பம் படிப்பவர்களுக்குத் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் படித்து முடித்துச் சில வருஷம் ஆகிறது. அப்புறம் ஊர்ப் பிள்ளைகள் பலருடைய கட்டுரைகளைப் படித்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரி எல்லார் கட்டுரையிலும் இருக்கிறது. வங்கிக்காரர், சாஃப்ட்வேர்க்காரர், சிமென்ட் கம்பெனிக்காரர், யார் பேரை மேலே போட்டாலும் பொருந்தும். குழு என்றால் யார் யார்? ஒருங்கிணைத்தேன் என்றால் என்ன செய்தீர்கள், போன் போட்டீர்களா, சண்டை போட்டீர்களா? ஒன்றும் தெரியவில்லை.

ஹார்வர்ட் 2024இல் தன் கட்டுரைக் கேள்வியை மாற்றியது தெரிந்திருக்கும். அதுவரை, உங்களைப் பற்றி வேறு என்ன தெரிவிக்க விரும்புகிறீர்கள் என்று ஒரே ஒரு திறந்த கேள்வி இருந்தது. இப்போது மூன்று சின்னக் கட்டுரைகள்: தொழில் பற்றி 300 சொல், தலைமை பற்றி 250, வளர்ச்சி பற்றி 250. தலைமைக் கேள்வியை நன்றாகப் படித்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு மேலே இருந்தாய் என்று அதில் எங்கேயும் இல்லை. உன்னை உருவாக்கிய அனுபவங்கள் எவை, மற்றவர்களுக்காக நீ எப்படி உழைக்கிறாய், எப்படிப்பட்ட தலைவனாக விரும்புகிறாய் என்றுதான் இருக்கிறது. நடுவில் உள்ளதைத்தான் நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

கட்டுரையைச் சோதிக்க நான் ஒரு கேள்விதான் கேட்பேன். உங்கள் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருத்தர், உங்களால் எதையாவது மாற்றிச் செய்தாரா? செய்தார் என்றால் அவர் யார், முதலில் ஏன் மறுத்தார், பிறகு ஏன் ஒத்துக்கொண்டார்? அதை இங்கே எழுதுங்கள். ஆங்கிலம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் "பொருத்தம்" என்பது எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்ததுண்டா? 1920களில் ஹார்வர்டின் இளங்கலைக் கல்லூரியில் தேர்வு எழுதி நுழையும் யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று அப்போதைய தலைவர் லோவெல் கவலைப்பட்டார். 1922இல் நேரடியாக ஒதுக்கீடு கேட்டார், எதிர்ப்பு வந்தது. அதன் பிறகுதான் மதிப்பெண்ணோடு குணநலன், ஆளுமை என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அளக்க முடியாத ஒன்றை அளவுகோலாக வைத்தால் யாரை வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஹார்வர்ட் வழக்கிலும், ஆசிய வம்சாவளி மாணவர்களுக்கு ஆளுமை மதிப்பீட்டில் சராசரியாகக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது.

அது இளங்கலை, இது எம்.பி.ஏ. என்பீர்கள். சரி. ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், பெரிய கன்சல்டிங் கம்பெனியில் இருக்கும் பையனுக்குப் பரிந்துரை எழுத அதே பள்ளியில் படித்த பார்ட்னர் இருக்கிறார். அவனுக்கு எந்தக் கதை எடுபடும் என்று ஆபீஸிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். சாயக்கழிவு நிலையத்தில் நிற்கும் இந்தத் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்? தகுதியில் குறையில்லை, ஆனால் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.


தேநீர்_இடைவேளை எழுதியது:

கணக்குப்பிள்ளை சார் சொல்லும் வரலாறு உண்மை. அதை மறுக்கப் போவதில்லை. பரிந்துரை விஷயத்தில் அவர் சொல்லும் ஏற்றத்தாழ்வும் நிஜம்.

ஆனால் ஒரு பக்கம்தான் அது. நான் இன்சியாட்டில் படித்தேன். அங்கே கட்டுரை தேறியவர்களை முன்னாள் மாணவர்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் பேட்டி காண்பார்கள். நானும் சில பேரைப் பார்த்திருக்கிறேன். பேட்டி முடிந்து வெளியே வரும்போது என் மனதில் ஓடும் கேள்வி ரொம்பச் சாதாரணமானது: இந்த ஆளோடு ஒரே குழுவில் இருந்திருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அங்கே நாமாகக் குழு சேர முடியாது. ஐந்தாறு பேரை, வேண்டுமென்றே நாடும் தொழிலும் ஒத்துப்போகாதபடி சேர்த்துவிடுவார்கள். என் குழுவில் ராணுவத்தில் இருந்த ஒருவர், ஆடிட்டர் ஒருவர், சொந்தமாகக் கடை நடத்திய ஒருவர். முதல் அசைன்மென்டிலேயே முட்டிக்கொண்டோம். படிப்பே 10 மாதம்தான், கோபித்துக்கொண்டு ஒதுங்கி நிற்க நேரம் கிடையாது. அந்த இடத்தில் தாக்குப்பிடித்து, மற்றவருக்கும் ஏதாவது கொடுக்கக்கூடிய ஆளா என்பதுதான் அங்கே பொருத்தம். பார்ட்னரைத் தெரியுமா என்பதை நான் கேட்டதே இல்லை.

ஒரு விண்ணப்பதாரர், பேர் ஊர் வேண்டாம், பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் கிளப்புகளையும் பேராசிரியர்களையும் மனப்பாடமாக ஒப்பித்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் மொட்டை மாடியைப் புகழ்ந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. உங்களுக்கு இங்கே என்ன கஷ்டமாக இருக்கும் என்று கேட்டேன். ஒன்றும் இருக்காது என்றார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தம்பி, உங்கள் சாயப்பட்டறைக் கதையைத்தான் இங்கே எல்லாரும் எதிர்பார்க்கிறோம்.


நொய்யல்கரை எழுதியது:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதெல்லாம் தலைமையா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

எங்கள் நிலையத்துக்குப் பட்டறைகளிலிருந்து குழாயில் தண்ணீர் வரும். பெரிய தொட்டியில் சேர்ந்து, கலந்து, அப்புறம் பயாலஜி (நுண்ணுயிர்களை விட்டுக் கழிவைக் கரைப்பது), ஆர்.ஓ. (மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக உப்பைப் பிரிப்பது), கடைசியில் மிச்சத்தை வற்ற வைக்கும் எவாப்பரேட்டர். இரவில் பல பட்டறைகள் ஒரே நேரத்தில் கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் கலர் லாட்டை இறக்குவார்கள். உப்பும் சேர்ந்து வரும். தொட்டியில் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்த உப்பின் அளவு, எகிறும், ஆர்.ஓ. மெம்பரேன் அடைக்கும். காலை ஷிப்டில் வருபவன் மெம்பரேன் கழுவுவதிலேயே பாதி நாளைக் கழிப்பான்.

எந்தப் பட்டறை எப்போது என்ன கலர் இறக்குகிறது என்பது முன்கூட்டித் தெரிந்தால் தொட்டியில் கலப்பதைச் சரி செய்துகொள்ளலாம். மேனேஜர் ஒரு சர்க்குலர் அனுப்பினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. முதலாளிகளுக்கு அனுப்பிய கடிதம் மேசையிலேயே இருந்துவிடும். கலர் எப்போது இறங்கும் என்பது பட்டறையில் சாயமேற்றும் வேலையைப் பார்க்கும் டையிங் மாஸ்டருக்குத்தான் தெரியும்.

மாஸ்டர்கள் ஷிப்ட் மாறும் நேரத்தில் டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. நான் அங்கே போய் நிற்க ஆரம்பித்தேன். முதலில் என்னைப் பொல்யூஷன் போர்டு ஆள் என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு மூத்த மாஸ்டர், "நான் சொன்னா எங்க முதலாளிகிட்ட போட்டுக் கொடுப்பியா" என்று நேராகவே கேட்டார். எங்கள் நிலையத்துக்கு அளவுக்கு மேல் தண்ணீர் விட்டால் பட்டறைக்கு அபராதம் உண்டு, அந்தப் பயம். நான் மேனேஜரிடம் பேசி, மாஸ்டர்கள் அனுப்பும் தகவலை அபராதக் கணக்குக்கு எடுக்கக்கூடாது என்று கமிட்டியில் ஒத்துக்கொள்ள வைத்தேன். அதோடு அவர்களுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். நாங்கள் திருப்பித் தரும் உப்புக் கரைசலின் லேப் ரிசல்ட்டைத் தினமும் காலையில் அவர்களுக்கே அனுப்பினேன். அதைப் பார்த்து எவ்வளவு உப்பு கூடுதலாகப் போட வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போடலாம். முன்பு அந்த ரிசல்ட் முதலாளி ஆபீஸோடு நின்றுவிடும்.

அந்த மூத்த மாஸ்டர்தான் வாட்ஸாப் குழுவில் முதல் செய்தி போட்டார். "நைட் 2 மணி. பிளாக். 3 மெஷின்." அவ்வளவுதான். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். வாரம் ஒரு தடவை கழுவிக்கொண்டிருந்த மெம்பரேனை இப்போது பத்து நாளுக்கு ஒரு தடவை கழுவுகிறோம்.


ரெண்டாம்_ஷிப்ட் எழுதியது:

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டா "அனைத்துத் தரப்பினரையும் ஒருங்கிணைத்து" என்று எழுதினீர்கள்? அநியாயம்!


பாஸ்டன்_பனி எழுதியது:

சிரிப்பும் வருகிறது, வருத்தமாகவும் இருக்கிறது. தம்பி, இதுதான் உங்கள் கட்டுரை.

இதில் எது தலைமை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். டீக்கடைக்குப் போனது நல்ல விஷயம், ஆனால் அது முயற்சி. வாட்ஸாப் குழு வெறும் கருவி. மாஸ்டர் கேட்ட கேள்வியைக் காதில் வாங்கி, அவருடைய பயத்தை எடுத்துக்கொண்டு போய் கமிட்டியில் விதியை மாற்ற வைத்தீர்களே, அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு அதிகாரம் கிடையாது, கமிட்டியில் வாக்கும் கிடையாது. தகவல் கொடுப்பவனுக்குத் தண்டனை இருக்கும் வரை தகவல் வராது என்பது உங்களுக்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லை.

ரிசல்ட்டை மாஸ்டர்களுக்கே அனுப்பியதும் அப்படித்தான். மற்றவர்களுக்காக எப்படி உழைக்கிறாய் என்று ஹார்வர்ட் கேட்கிறதே, அதற்கான பதில் இது.

கமிட்டியை எப்படி ஒத்துக்கொள்ள வைத்தீர்கள் என்பதை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எதிர்த்தது யார்? முதலாளிகளுக்கு அபராதம் குறைவது நல்லதுதானே, பிறகு ஏன் எதிர்ப்பு? ஹார்வர்ட் பேட்டிக்குக் கூப்பிட்டால், உங்கள் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டு வந்தவர்தான் 30 நிமிஷம் கேள்வி கேட்பார். இந்த ஓட்டைக்குள்தான் முதலில் கையை விடுவார். பேட்டி முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் அதைப் பற்றி எழுத்தில் ஒன்று அனுப்பச் சொல்வதும் உண்டு. அப்போது உட்கார்ந்து யோசிப்பதை விட இப்போதே யோசித்துவிடலாம்.


நொய்யல்கரை எழுதியது:

எதிர்த்தது சொந்தமாக ஆர்.ஓ. வைத்திருக்கும் ஒரு பெரிய பட்டறைக்காரர். அவர் அளவு மீறுவதில்லை. ஒழுங்காக நடப்பவனுக்கு என்ன லாபம், மீறுகிறவனுக்கு ஏன் சலுகை என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீட்டரில் பதிவாகும் அளவுக்கு அபராதம் பழையபடியே இருக்கும், வாட்ஸாப் செய்தியை மட்டும் ஆதாரமாக எடுக்க மாட்டோம் என்று பிரித்துச் சொன்னபோது ஒத்துக்கொண்டார். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

இன்னொரு சிக்கல். பரிந்துரைக் கடிதம். மேனேஜரிடம் கேட்டேன். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்கிறார். நல்ல மனுஷன், உதவி செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

பார்த்தீர்களா, நான் சொன்னது இதைத்தான். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் நிலைமை இது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் தம்பி. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.


தேநீர்_இடைவேளை எழுதியது:

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பள்ளிகள் இதைத் தெளிவாகவே கூடாது என்கின்றன, மாட்டினால் விண்ணப்பமே போய்விடும். அதை விடுங்கள், கடிதமே நன்றாக வராது. நாமே நம்மைப் பற்றி எழுதினால் கடுமையான உழைப்பாளி, சிறந்த குழு உறுப்பினர் என்றுதான் எழுதுவோம். மேனேஜருக்கு நினைவிருப்பது வேறாக இருக்கும்.

பல பள்ளிகள் ஒரே மாதிரியான பரிந்துரைப் படிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டு கேள்விகள் முக்கியம். இதே மாதிரி வேலையில் இருக்கும் திறமையான மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி? நீங்கள் இவருக்குச் சொன்ன மிக முக்கியமான விமர்சனம் எது, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்? இரண்டாவது கேள்விக்கு நீங்களே பதில் எழுத முடியுமா? எழுதினாலும் போலி என்று தெரியும்.

இப்படிச் செய்யுங்கள். மேனேஜரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கத்தில் என்ன நடந்தது, எந்த மாதம், அப்போது ரீடிங் என்ன என்று தகவல் மட்டும் எழுதிக் கொடுங்கள், புகழ்ச்சி ஒரு சொல்லும் வேண்டாம். இந்தக் கேள்விகளைத் தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டு, யோசித்து அவரே எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கரடுமுரடாக இருந்தால் குற்றமில்லை. "இந்தப் பையன் ராத்திரி ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் நின்றான், முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது" என்று அவர் எழுதினால் அதற்கு ஈடாக எதுவும் கிடையாது.

இரண்டாவது கடிதத்துக்கு உங்களை எதிர்த்த அந்தப் பட்டறைக்காரரைக் கேட்டுப் பாருங்களேன். இன்னொரு மேலதிகாரிதான் வேண்டும் என்று சில பள்ளிகள் சொல்லும், விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் உங்கள் வேலையை மதிப்பிடும் இடத்தில்தானே அவரும் இருக்கிறார்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்தக் கடைசி யோசனை நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். பார்ட்னர் எழுதும் கடிதத்தை விடக் கனமாகவே இருக்கும்.


மதுரை_மல்லி எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு அமெரிக்காவின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியிலிருந்து பேட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அங்கே குழு விவாதம் என்கிறார்கள். நான் கூச்ச சுபாவம். நிறைய பேசினால்தான் தலைவர் என்று நினைப்பார்களா?


ரெண்டாம்_ஷிப்ட் எழுதியது:

வாழ்த்துகள் சகோதரி! நான் அந்தக் குழு விவாதத்தில் உட்கார்ந்தவன். ஐந்தாறு விண்ணப்பதாரர்கள், 35 நிமிஷம். தலைப்பு முன்கூட்டியே வந்துவிடும். ஆளுக்கு ஒரு யோசனையோடு போய், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரே திட்டத்தைச் சொல்ல வேண்டும். பிறகு தனியாகப் பத்து நிமிஷப் பேச்சு. 2012இலிருந்து இந்த முறை இருக்கிறது.

நம் ஊர்க் கேம்பஸ் இன்டர்வியூ ஜி.டி. நினைப்பில் போகாதீர்கள். மீன் மார்க்கெட் மாதிரி கத்திப் பேச்சைப் பிடுங்கும் பழக்கம் அங்கே எடுபடாது. எங்கள் குழுவில் ஒரு பெண் அதிகம் பேசவே இல்லை. நேரம் பாதி போனதும், "இரண்டு யோசனை கிட்டத்தட்ட ஒன்றுதான், சேர்த்துவிட்டால் செலவை மட்டும் பேசினால் போதும்" என்றார். அதுவரை பேசாமலிருந்த இன்னொருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அபிப்ராயம் கேட்டார். அதற்கப்புறம்தான் விவாதம் ஒழுங்கானது. உங்கள் யோசனையைத்தான் குழு எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அடுத்தவர் யோசனையைச் செழுமைப்படுத்தினாலும் பார்ப்பவர்கள் குறித்துக்கொள்வார்கள். ஒரேயடியாக மௌனமாக மட்டும் இருந்துவிடாதீர்கள்.


மதுரை_மல்லி எழுதியது:

நிம்மதியாக இருக்கிறது அண்ணா. நன்றி.


பாஸ்டன்_பனி எழுதியது:

நொய்யல்கரைத் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது பொருத்தத்துக்கு, வருகிறேன். நான்கு பள்ளிக்கும் ஒரே பத்தியை எழுதிப் பேரை மட்டும் மாற்றினால் நான்கிலும் அடி விழும். நான்கும் நான்கு விதம்.

ஹார்வர்டில் கேஸ் முறை, அதாவது ஏதோ ஒரு நிறுவனத்தில் நடந்த சிக்கலை வகுப்பே விவாதித்துப் படிப்பது. ஒரு செக்‌ஷனில் சுமார் 90 பேர், வகுப்பில் பேசுவதற்கே மதிப்பெண்ணில் பெரும்பங்கு. வாட்டர் ட்ரீட்மென்ட் பற்றிய கேஸ் வரும் நாளில் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நீங்கள் சொல்லக்கூடியது என்ன, மற்ற நாட்களில் நீங்கள் கேட்கக்கூடியது என்ன? இதுதான் அங்கே எழுத வேண்டியது. மேனேஜர் முதல் டையிங் மாஸ்டர் வரை எல்லாரிடமும் பேசிப் பழகிய ஆள் அந்த வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஐ.எஸ்.பி. ஒரு வருஷம். நடுவில் சம்மர் இன்டர்ன்ஷிப் கிடையாது. ஆகவே அடுத்து என்ன செய்யப் போகிறாய், ஏன் இப்போதே என்பதில் தெளிவு எதிர்பார்ப்பார்கள். படித்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றால் அங்கே எடுபடாது. இன்சியாட் பற்றி அக்கா சொல்லிவிட்டார்.

ஸ்லோன்தான் உங்களுக்கு ரொம்பப் பொருத்தம் என்பேன். நீளமான கட்டுரை கிடையாது. 300 சொல்லில் ஒரு கவர் லெட்டர், ஒரு பக்க ரெஸ்யூமே, சின்ன வீடியோ பதிவு. இதோடு உங்கள் நிறுவனத்தில் யாருக்குக் கீழே யார் என்று காட்டும் ஆர்கனைசேஷன் சார்ட் கேட்பார்கள். அதைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்கள், எனக்குத் தெரியும், கீழே ஆளே இல்லையே என்று. பயப்பட வேண்டாம். சார்ட்டை ஒளிக்காமல் வரையுங்கள். கமிட்டி, மேனேஜர், காண்ட்ராக்டர், லேப், அவற்றுக்கு வெளியே பட்டறைகள், மாஸ்டர்கள். ஒரு மூலையில் நீங்கள். கவர் லெட்டரைப் படித்துவிட்டு அந்தச் சார்ட்டைப் பார்ப்பவருக்கு, கோடே இல்லாத இடத்தில் நீங்கள் காரியம் சாதித்தது நான் சொல்லாமலே விளங்கும்.

இன்னொன்று, அங்கே எல்.ஜி.ஓ. (லீடர்ஸ் ஃபார் குளோபல் ஆபரேஷன்ஸ்) என்று ஒரு படிப்பு உண்டு. உற்பத்தித் துறை ஆட்களுக்காக 1988இல் வேறு பேரில் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் எம்.பி.ஏ.வும் இன்ஜினியரிங் முதுகலையும் சேர்த்துக் கிடைக்கும், நடுவில் ஆறு மாதம் ஒரு கம்பெனியில் நேரடி வேலை, கட்டணத்தில் கணிசமான பங்குக்கு உதவித்தொகை. விண்ணப்ப முறை கொஞ்சம் வேறு, கடைசித் தேதியைத் தனியாகப் பாருங்கள். உங்களைப் போல ஆலைத் தரையில் நின்ற ஆட்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். இது கன்சல்டன்ட் கண்ணில் படாதது ஆச்சரியம்.


நொய்யல்கரை எழுதியது:

எல்.ஜி.ஓ. பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜரைப் பார்த்தேன். கேள்விகளைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நானேதான் எழுதணும்" என்றார். பட்டறைக்காரரும் சரி என்றுவிட்டார், உன்னைப் பற்றி நல்லதாக மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு.

தலைமைக் கட்டுரையின் தொடக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

"இரவு 2 மணிக்கு எங்கள் தொட்டிக்கு வரப்போகும் நீரின் நிறம் டையிங் மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்ல மாட்டார். சொன்னால் அவருடைய முதலாளிக்கு அபராதம். எங்கள் நிலையம் அனுப்பிய சர்க்குலர்கள் இதைக் கவனிக்கவில்லை. நான் மாஸ்டர்கள் டீ குடிக்கும் இடத்துக்குப் போனேன். போட்டுக் கொடுப்பாயா என்று ஒருவர் கேட்டார். மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, அதனால் அந்த அதிகாரம் உள்ளவர்களிடம் போனேன். தலைமை என்பது கேட்பதில் தொடங்குகிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்."


பாஸ்டன்_பனி எழுதியது:

கடைசி வாக்கியத்தை வெட்டுங்கள். "அந்த அதிகாரம் உள்ளவர்களிடம் போனேன்" என்பதில் நிறுத்திவிட்டு, அடுத்த வரியிலேயே பட்டறைக்காரரின் எதிர்ப்புக்கு வந்துவிடுங்கள். மிச்சமாகும் சொற்களை அவருக்குக் கொடுங்கள், 250 சொல்லில் ஒவ்வொன்றும் காசு. உங்களுக்கு அடுத்த ஷிப்டில் இருப்பவர் இதைத் தொடர்ந்து செய்கிறாரா? செய்தால் அதற்கும் ஒரு வரி வேண்டும்.


நொய்யல்கரை எழுதியது:

வெட்டிவிட்டேன் அண்ணா. அடுத்த ஷிப்ட் பையனும் ரிசல்ட் அனுப்புகிறான். நான் லீவில் இருந்த வாரமும் குழுவில் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. அதையும் சேர்த்தேன், 246 சொல் வருகிறது.

ஐ.எஸ்.பி.க்குக் கல்விக் கடன் யாராவது ஜாமீன் இல்லாமல் வாங்கியிருக்கிறீர்களா?


நடத்துநர் எழுதியது:

கடன் பற்றிக் கேட்க வேறு இழை இருக்கிறது, அங்கே எழுதுங்கள். மதுரை_மல்லி, பேட்டி முடிந்ததும் எப்படிப் போனது என்று இங்கேயே சொல்லலாம், அதனால் இந்த இழையைப் பூட்டவில்லை.